புகைபோக்கியில் படியும் கறுப்புத் தார்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சிம்னி என்ற சொல்லைக் கேட்டதும் மதுரையில் என் வயதுடையவர்களுக்கு நினைவுக்கு வருவது மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிதான். மாலையில் விளக்கேற்றுவதற்கு முன்னால் அந்தக் கண்ணாடிக்குள் வாயால் ஊதி, அடுப்புச் சாம்பலும் பழைய வேட்டித் துணியும் கொண்டு துடைத்து வைப்பது எங்கள் வீட்டில் என் வேலையாக இருந்தது. திரியை அளவுக்கு மேல் தூண்டிவிட்டால் சற்று நேரத்திலேயே கண்ணாடி கறுத்துவிடும். சுடர் தெளிந்து எரிந்தால் மறுநாள்வரை பளிச்சென்று இருக்கும். இளைய தலைமுறைக்கோ சிம்னி என்றால் எரிவாயு அடுப்பின் மேலே மாட்டி, எண்ணெய்ப் புகையை உறிஞ்சுகிற மின்கருவி. நான் பேச வந்தது இவ்விரண்டையும் பற்றியன்று. விறகு எரிக்கும் வீடுகளில் புகையை வெளியேற்றுகிற புகைபோக்கியையும், அதன் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் படிந்து ஒருநாள் தானே தீப்பிடித்து எரிகிற தாரையும் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இந்த வெயிலூரில் கணப்பு, அதாவது குளிர்காய விறகு எரிக்கும் அடுப்பு, எதற்கு என்று சிலர் நினைக்கலாம். தீயணைப்புத் துறையில் சமவெளியிலும் மலையிலுமாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், மதுரைக்கும் கணப்புக்கும் உள்ள உறவு பழையது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் 1845-ஆம் ஆண்டு கொடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டிக் குடியேறினார்கள்; அதன்பின் மலையில் எழுந்த பழைய பங்களாக்களில் செங்கல் புகைக்கூண்டு உள்ளவை பல. 1985-இல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும்வரை கொடைக்கானலும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. சமவெளியிலும் விறகடுப்பு முற்றாகப் போய்விடவில்லை. கொல்லைப்புறத்தில் தென்னை மட்டையும் சிரட்டையும் போட்டு எரிக்கும் வெந்நீர் அடுப்பு, முறுக்குச் சுட்டு விற்கும் வீடுகளின் பெரிய அடுப்பு, நெல் அவிக்கும் அடுப்பு என்று மேலூர்ப் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும் இன்றும் புகைகிற வீடுகள் எத்தனையோ.

கொடைக்கானலில் நான் நிலைய அலுவலராக இருந்தபோது, ஒரு மார்கழி இரவில் அழைப்பு வந்தது. கூரைக்கு மேலே விமானம் தாழப் பறப்பதுபோல் இடைவிடாத இரைச்சல் கேட்கிறது என்று தொலைபேசியில் சொன்னார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது புகைக்கூண்டின் உச்சியிலிருந்து ஆளுயரத்துக்குத் தீ நாக்கு எழுந்துகொண்டிருந்தது. கணப்பிலோ இரண்டு கட்டைகள் சாதாரணமாகப் புகைந்துகொண்டிருந்தன. எரிந்தது விறகன்று, கூண்டின் உட்சுவர். கட்டைகளை மணல் வாளிக்குள் இழுத்துப் போட்டு, கணப்பின் வாயை இரும்புத் தகட்டால் மூடிக் காற்றை நிறுத்தியதும் அரை மணி நேரத்தில் இரைச்சல் அடங்கியது. எல்லாம் முடிந்தது என்று கிளம்பி வந்துவிட்டோம். மூன்று மணி நேரம் கழித்து அதே வீட்டிலிருந்து மறுபடியும் அழைப்பு. அந்தக் காலத்துக் கொத்தனார் கூரை உத்தரத்தின் ஒரு முனையைப் புகைக்கூண்டின் செங்கல் சுவருக்குள்ளேயே செருகிக் கட்டியிருக்கிறார்; பலகைத் தட்டு அதை மறைத்திருந்தது. சுவரின் சூட்டில் உத்தரம் உள்ளுக்குள் கனன்று, பிறகு கூரைக்குத் தாவியிருக்கிறது. வீட்டார் விழித்திருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. முதல் முறை போனபோதே தட்டுப் பலகையைப் பெயர்த்து, உத்தரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்காமல் இறங்கிவந்தது என்னுடைய தவறு. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மறுநாள் காலை கூண்டுக்குள் எரியாமல் எஞ்சியிருந்த படிவை உளியால் பெயர்த்துப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிச் சில்லுபோல மின்னியது. வெயிலில் வைத்தால் பிசுபிசுத்தது. கருவாடும் தாரும் கலந்ததுபோல ஒரு நெடி. கிரியோசோட் என்று அதற்குப் பெயர். கார்ல் ரைஹன்பாக் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் 1832-ஆம் ஆண்டு மரத் தாரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இறைச்சியைக் கெடாமல் காப்பது என்ற பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு இந்தப் பெயரை வைத்தார். புகையில் வாட்டிய மீன் கெடாமல் இருப்பதற்கு இந்தப் பொருளும் ஒரு காரணம். ரயில் பாதையின் பழைய சிலீப்பர் கட்டைகளுக்கு ஊட்டிய கறுப்பு எண்ணெயும் இதே பெயர் கொண்டதுதான், ஆனால் அது நிலக்கரித் தாரிலிருந்து வடித்தது. மீனையும் கட்டையையும் காக்கிற பெயரைத் தாங்கிய பொருள் வீட்டை எரிப்பது விந்தைதான்.

இது எப்படி உண்டாகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது விளங்கிவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கிவிடும். விறகு நேரடியாக எரிவதில்லை. சூடேறும்போது முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. சூடு 250, 300 டிகிரி செல்சியஸைத் தொடும்போது மரம் சிதைந்து வாயுக்களையும் தார் ஆவியையும் வெளிவிடுகிறது. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் இப்படி ஆவியாகவே பிரிந்து போகிறது. நாம் சுடர் என்று காண்பது இந்த ஆவி எரிவதைத்தான். அது முழுமையாக எரிந்து தீர 600 டிகிரி அளவுக்குச் சூடும் போதுமான காற்றும் வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் ஆவி எரியாமல் புகையாக மேலே போகிறது. நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. அடுப்பைப் பொறுத்தவரை நெருப்பு போதாததால்தான் புகைகிறது. அந்தப் புகை மேலே போகும் வழியில் சுவரின் சூடு ஏறக்குறைய 120 டிகிரிக்குக் கீழே இருந்தால், சோற்றுப்பானை மூடியில் ஆவி வியர்ப்பதுபோலத் தாரும் நீரும் சேர்ந்து சுவரில் வியர்த்துப் படிகின்றன. அந்தப் பிசுக்கில் கரித்தூள் ஒட்டுகிறது. அடுத்த நாள் சூட்டில் அது காய்ந்து இறுகுகிறது. அதன்மேல் மறுபடியும் ஒரு பூச்சு.

விளக்குக் கண்ணாடியில் நடந்ததும் இதற்கு நெருங்கிய உறவுதான். அங்கே திரி கூடியதால் காற்று போதவில்லை. இங்கே பெரும்பாலும் விறகின் ஈரத்தால் சூடு போதவில்லை.

அந்தக் கொடைக்கானல் வீட்டின் விறகுக் கொட்டகையையும் பார்த்தேன். ஐப்பசியில் வெட்டிய சீகை, அதாவது வாட்டில், மரக் கட்டைகள், பட்டை உரியாமல், கனமாக. ஈர விறகுதான் நின்று எரிகிறது, காய்ந்தது பொசுக்கென்று போய்விடுகிறது என்றார் வீட்டுக்காரர். மலையில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. பத்துக் கிலோ பச்சை விறகு வாங்கினால் ஐந்து லிட்டர் தண்ணீரையும் விறகு விலைக்கே வாங்குகிறோம். அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதற்கு மட்டும் ஒரு கிலோ காய்ந்த விறகின் சூடு ஏறக்குறைய முழுவதும் செலவாகிறது. அதைவிட மோசம், அடுப்பு ஒருபோதும் 600 டிகிரியை எட்டாமல் புகைந்துகொண்டே இருப்பது. நின்று எரிகிறது என்று அவர் மகிழ்ந்த ஒவ்வோர் இரவிலும் விறகின் ஒரு பகுதி எரியாமல் புகையாகிச் சுவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தூங்கப் போகும் முன் பெரிய கட்டையைத் திணித்து, காற்று வாயை அடைத்து, விடியும்வரை தணலை அடக்கி வைக்கும் வழக்கமும் இப்படிப்பட்ட சிக்கனம்தான். பைன், தைல மரம் போன்றவற்றில் பிசினும் எண்ணெயும் இருப்பதால் அவைமட்டுமே ஆபத்து, சீகை ஆபத்தில்லை என்ற பேச்சும் உண்டு. ஈரமான எந்த மரமும் தாரைத் தரும். நன்றாகக் காய்ந்த பைன் ஈரச் சீகையைவிட மேலானது.

கொல்லைப்புற வெந்நீர் பாய்லரைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவில் புகைக்குழாயும் சுற்றிலும் தண்ணீருமாக இருக்கும் செம்பு பாய்லரில், குழாயின் சுவர் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பதால் கொதிநிலையைத் தாண்டிச் சூடேற வழியே இல்லை. தார் படிவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. மரக்கரி போட்டு எரிக்கும்போது குற்றமில்லை, மரக்கரியில் தார் ஆவி பெரும்பாலும் ஏற்கெனவே போய்விட்டது. நனைந்த மட்டையும் உரிமட்டையும் போடுகிற வீடுகளில்தான் மேல்குழாய் விரலளவு துளையாகச் சுருங்கிப் போகிறது. குளியலறையை ஒட்டிய ஓலைச் சாய்ப்புக்குள் அந்தக் குழாய் நுழைந்து வெளியேறுமானால், தயவுசெய்து ஓலையை அகற்றி, குழாயைச் சுற்றி ஓடோ தகரமோ போட்டுக்கொள்ளுங்கள்.

விறகு எரிக்கும் தரத்துக்கு வர, அதன் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். பிளந்த கட்டைக்கு நம் சமவெளி வெயிலில் ஆறு மாதம், மலை மூடுபனியில் ஓராண்டோ அதற்கு மேலோ. முழு உருளையாகக் கிடக்கும் கட்டை, பட்டைக்குள் ஈரத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும். ஆகவே பிளப்பது முதல் வேலை. தரையில் படாமல் இரண்டு கழிகளின்மேல் அடுக்கி, தலைக்கு மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட வேண்டும். நாற்புறமும் தார்ப்பாயால் சுற்றிக் கட்டிய விறகு காய்வதில்லை, பூசணம் பூக்கிறது. காய்ந்ததை அறியக் கருவி தேவையில்லை. முனையில் நடுவிலிருந்து வெளிநோக்கி வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை கையோடு வரும், இரண்டு கட்டைகளைத் தட்டினால் டங்கென்று கேட்கும்; ஈரக் கட்டை தொப்பென்று சொல்லும்.

எரிக்கும் முறையைப் பொறுத்தவரை, சிறு தீயாக இருந்தாலும் சுடரோடு எரியட்டும். பற்றவைத்த முதல் கால் மணி நேரத்துக்குச் சுள்ளியாகப் போட்டுக் குழாயைச் சூடேற்றிய பிறகே பெரிய கட்டையை வையுங்கள். வெளியே போய்ப் புகைக்கூண்டின் தலையைப் பாருங்கள். அடுப்பு சூடேறிய பின்னும் சாம்பல் நிறத்தில் தடித்த புகை வந்தால் விறகிலோ காற்றிலோ குறை இருக்கிறது.

எவ்வளவு கவனமாக எரித்தாலும் கொஞ்சம் படியத்தான் செய்யும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் எவ்வளவு கனமோ, ஏறக்குறைய அந்த மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குப் படிவு வந்துவிட்டால் அதற்குமேல் அடுப்பைப் பற்றவைக்காமல் சுத்தம் செய்ய வேண்டும். கணப்பு உள்ளவர்கள் குளிர்காலம் தொடங்கும் முன் ஆண்டுக்கு ஒருமுறையாவது, நாள்தோறும் விறகு எரிப்பவர்கள் மாதம் ஒருமுறை. தூளாக உதிர்வதும் பொரிபோல் நொறுங்குவதும் தூரிகைக்கு வந்துவிடும். குழாயின் அகலத்துக்குப் பொருந்தும் தூரிகையைக் கயிற்றில் கட்டி, கீழே ஒரு கல்லைப் பாரமாகத் தொங்கவிட்டு, மேலும் கீழும் இழுத்தால் போதும். மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள், குழந்தைகளை ஏற்றாதீர்கள். சிறுவயதில் புகைக்கூண்டு துடைக்க ஏறியவர்களுக்குப் பின்னாளில் வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரிதான் காரணம் என்று லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-ஆம் ஆண்டிலேயே எழுதினார். கண்ணாடிபோல் இறுகிய படிவு தூரிகைக்கு அசையாது. அதை விவரம் தெரிந்த ஆளை வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். உப்பைத் தீயில் போட்டால் கூண்டு சுத்தமாகும் என்பதை நம்பிச் செய்தவர்களின் தகரக் குழாய் துருப்பிடித்து ஓட்டையானதுதான் மிச்சம். பெருந்தீ மூட்டிப் படிவை எரித்துத் தள்ளிவிடலாம் என்று சிலர் முயல்வதுண்டு, அது வேண்டுமென்றே வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

மீறித் தீப்பிடித்துவிட்டால், முதலில் வீட்டிலுள்ளவர்களை வெளியேற்றி 101-க்கோ 112-க்கோ அழையுங்கள். அடுப்பு வாயையும் காற்று வழியையும் மூட முடிந்தால் மூடுங்கள். கூண்டுக்குள் மேலிருந்து தண்ணீர் ஊற்றவே கூடாது. உள்ளே 1000 டிகிரியை ஒட்டிய சூடு. தண்ணீர் நீராவியாகும்போது ஏறக்குறைய 1700 மடங்கு விரிந்து, சூடான செங்கல்லையும் வெடிக்கச் செய்யும். சுற்றியுள்ள கூரையை நனைப்பதில் தவறில்லை. ஆஸ்பெஸ்டாஸ் குழாய் போட்டிருந்தால் அதன் அருகிலேயே போகாதீர்கள், சூட்டில் அது சிதறி வெடிக்கும். தீ அடங்கிய பிறகு மச்சில் ஏறி, குழாயையும் சுவரையும் ஒட்டிய மரச் சட்டங்களைப் புறங்கையால் பல மணி நேரத்துக்குத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்க வேண்டும். கொத்தனார் வந்து வெடிப்பு இல்லை என்று சொல்லும்வரை அந்த அடுப்பில் தீ மூட்டக் கூடாது.

இப்போது மாசி முடியப் போகிறது. வருகிற ஐப்பசிக்கும் மார்கழிக்குமான விறகை வாங்கிப் பிளந்து அடுக்குவதற்கு இதுவே காலம், விறகுக்கடையிலும் இப்போது கூட்டம் இருக்காது. வாங்கியதில் ஒரு கட்டையை எடுத்து மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, எடையைச் சுண்ணாம்பால் அதன்மேலேயே எழுதி மொட்டைமாடி வெயிலில் போட்டு வையுங்கள். பங்குனி உத்திரத்தன்று ஒருமுறை, சித்திரைத் திருவிழா முடிந்ததும் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது எப்போது நிற்கிறதோ, அப்போது அது காய்ந்திருக்கிறது.

வணக்கம்.