தோட்ட விளக்கு: வயரிலிருந்து தொடங்குவோம்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் விளக்கு போடுவதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். தோட்ட விளக்கு என்றதும் எந்த மாடல் வாங்குவது என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். ஆனால் தோட்ட விளக்கு எரியாமல் போவதற்கு விளக்கு காரணமாக இருப்பது குறைவு. மண்ணுக்குள் போகிற வயர், அந்த வயரில் போட்ட ஜாயின்ட், இந்த இரண்டும்தான் பெரும்பாலும் காரணம். அதனால் இன்றைக்கு வயரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால், எங்கெங்கே விளக்கு வேண்டும்? இதைப் பகலில் முடிவு செய்யாதீர்கள். இருட்டிய பிறகு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள். ஒருவர் மரத்தடியில் டார்ச்சைத் தரையில் வைத்து மேலே அடிக்கட்டும். இன்னொருவர் வாசலிலும் ஜன்னலிலும் நின்று பார்க்கட்டும். கண் கூசினால் அந்த இடம் சரியில்லை, ஓர் அடி தள்ளி வையுங்கள். முதலில் படிக்கட்டு, நடைபாதை வளைவு, கேட்டின் தாழ்ப்பாள். கால் இடறும் இடங்களை முடித்த பிறகுதான் அழகு. அழகுக்கு ஒன்றிரண்டு மரம் போதும். எல்லா மரத்துக்கும் அடித்தால் எந்த மரமும் எடுபடாது. ஒல்லியாக உயர்ந்த மரத்துக்கு 15 டிகிரி போல ஒளி குவிகிற விளக்கு, பரந்து கிளைத்த மரத்துக்கு 36 டிகிரியோ 60 டிகிரியோ. நிறம் 2700 அல்லது 3000 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல் கொண்ட வெளிச்சம். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் பூச்சிகளை அதிகம் இழுக்கும்.

சரி, வயருக்கு வருவோம். வீட்டுத் தோட்டத்துக்கு 12 வோல்ட் ஏற்பாடுதான் என் சிபாரிசு. மண்வெட்டி தெரியாமல் கேபிளை வெட்டினாலும் உயிருக்கு ஆபத்து வராது. ஆனால் 230 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர், வீட்டு மின்சாரத்தையும் 12 வோல்ட்டையும் முழுவதுமாகப் பிரித்து வைக்கிற பாதுகாப்பு வகையாக இருக்க வேண்டும். அதற்கு வருகிற 230 வோல்ட் லைனை 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகத்தான் எடுக்க வேண்டும். அந்தப் பக்கத்து வேலை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுடையது, நம்முடையது அல்ல.

12 வோல்ட்டில் ஒரு சிக்கல் உண்டு. மோட்டார் போடும்போது வீட்டு விளக்கு ஒரு கணம் மங்குமே, கவனித்திருப்பீர்கள். அதிக மின்னோட்டம் ஓடினால் வழியிலேயே கொஞ்சம் வோல்ட் வீணாகிறது. 230-இல் இரண்டு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12-இல் இரண்டு போனால்?

ஒரு கணக்கு சொல்கிறேன், மனக்கணக்குதான். ஆளுக்கு 6 வாட்டாகப் பத்து விளக்கு, மொத்தம் 60 வாட். 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர். டிரான்ஸ்பார்மர் வீட்டுச் சுவரில், விளக்குகள் எல்லாம் 30 மீட்டர் தள்ளி. போக 30, வர 30, ஆக 60 மீட்டர் தாமிரம். 2.5 ஸ்கொயர் எம்.எம். வயர் என்றால் ஏறத்தாழ 2.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். விளக்குக்குக் கிடைப்பது பத்துக்கும் கீழே. பழைய ஹாலஜன் பல்பு இதில் மங்கி மஞ்சளாகிவிடும். எல்.இ.டி.யில் உள்ளே இருக்கும் டிரைவர், அதாவது மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் சின்னச் சுற்று, சமாளிக்கப் பார்க்கும். வோல்ட் குறைந்தால் இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும், அதனால் இழப்பும் கூடும், ஒரு கட்டத்தில் மினுக்கத் தொடங்கும். விளக்கில்தான் கோளாறு என்று அதை மாற்றுவார்கள், புதிதும் மினுக்கும்.

இதற்கு என்ன செய்யலாம்? 6 ஸ்கொயர் எம்.எம். வயர் போட்டால் அந்த இழப்பு ஒரு வோல்ட்டுக்குள் வந்துவிடும். விளக்குகள் வரிசையாக இருந்தால் வரிசையின் ஒரு முனையில் மின்சாரம் கொடுக்காமல் நடுவில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒவ்வொரு பக்கமும் நீளம் பாதி, ஆம்பியர் பாதி. அந்த வரிசையில் இழப்பு கால் பங்காகும். இல்லையென்றால் 24 வோல்ட் விளக்குகளாகவே வாங்கிவிடலாம். டிரான்ஸ்பார்மரை அதன் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று, இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். கடைசி விளக்கில் வோல்ட் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்க்கும்போது எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். விளக்குகளைக் கழற்றிவிட்டு வெறும் வயரில் வைத்தால் மீட்டர் 12 காட்டும், எல்லாம் சரி என்று மண்ணை மூடிவிடுவீர்கள். மின்னோட்டம் ஓடாத வயரில் இழப்பும் இருக்காது.

ஹாலஜனுக்கு வந்த சின்ன எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மர் வீட்டில் கிடக்கிறதே என்று அதை மாட்டாதீர்கள். பலவற்றுக்குக் குறைந்தபட்சம் இத்தனை வாட் லோடு வேண்டும், எல்.இ.டி. அவ்வளவு இழுக்காது. நீள வயரும் அதற்கு ஆகாது, பொதுவாக இரண்டு மீட்டர்தான்.

அடுத்தது ஜாயின்ட். முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, மண்ணில் புதைப்பது, இதுதான் வழக்கமான தவறு. டேப்பின் பசை ஈரத்தில் விட்டுவிடும். தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஊறிக்கொண்டே போகும். டி.சி. என்றால் பாசிட்டிவ் வயரை வேகமாக அரித்துப் பச்சைப் பொடியாக்கிவிடும். வெட்டிப் பார்த்தால் தாமிரம் கறுத்திருக்கும். அந்த நீளத்தை வெட்டி எறியத்தான் வேண்டும். ஜெல் நிரப்பிய கனெக்டர் பயன்படுத்துங்கள், முடிந்தவரை ஜாயின்டைத் தரைக்கு மேலே வையுங்கள்.

தரையில் பதிக்கும் விளக்கு ஐ.பி. 67, அதாவது தண்ணீர் புகாது என்ற தரக்குறி, எழுதியிருந்தாலும் உள்ளே தண்ணீர் நிற்கிறதே என்பார்கள். விளக்கு அணைந்ததும் உள்ளே இருக்கும் சூடான காற்று குளிர்ந்து சுருங்கும். எந்த இடுக்கு கிடைத்தாலும் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். வட்டமான கிளாண்டில் (வயர் உள்ளே நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கும் வளையம்) தட்டை வயரைச் செருகியிருந்தால் அந்த இடுக்கை நாமே செய்து கொடுத்ததாகும். உருண்டைக் கேபிள்தான், கிளாண்டுக்குப் பொருந்தும் அளவில்தான். விளக்குக்குக் கீழே ஓர் அடி ஆழத்துக்கு ஜல்லி கொட்டுங்கள், தண்ணீர் வடியட்டும்.

நேரம் முடிகிறது என்று சைகை வந்துவிட்டது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட் கேபிளை அரையடி ஆழத்தில் போடுங்கள், மண்வெட்டி புழங்கும் பாத்தியில் இன்னும் ஆழம், குழாய்க்குள். ஒவ்வொரு விளக்கிடமும் இரண்டடி வயர் உபரியாகச் சுருட்டி விடுங்கள். செடி வளர்ந்தால் விளக்கை நகர்த்த வேண்டியிருக்கும். மூடுவதற்கு முன் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். இருட்டினால் தானாக எரிய வைக்கும் சென்சார் மீது உங்கள் விளக்கின் வெளிச்சமே படக்கூடாது. பட்டால் எரியும், அணையும், மறுபடி எரியும். நள்ளிரவில் அணைக்க டைமர் ஒன்று போதும். கண்ணாடியில் படியும் மண்ணையும் உப்புக் கறையையும் சில மாதங்களுக்கு ஒருமுறை துடையுங்கள். சூரிய ஒளி விளக்குகளைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன், அதற்கு இப்போது நேரமில்லை. நன்றி, வணக்கம்.