சிலிப்பரும் உப்புத்தாளும்

வணக்கம் நேயர்களே. நான் சுங்கை சிப்புட்காரன். முப்பது வருடத்துக்கு மேல் நாற்காலி, மேசை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். இப்போது வீட்டு முன்நடையான அஞ்சடியில் ஒரு பழைய மேசையைப் போட்டு, அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் மரச் சாமான்களைச் சரி செய்துகொண்டிருக்கிறேன். எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று நிலையத்தில் கேட்டார்கள். வளைந்த மரத்தைத் தேய்க்கும் கட்டையைப் பற்றி என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

உப்புத்தாள் இல்லாத வீடு குறைவு. கடையில் கெர்தாஸ் பாசிர் என்று கேட்டு வாங்குவோம். தட்டையான பலகை என்றால் ஒரு மரத்துண்டில் சுற்றித் தேய்த்துவிடலாம். நாற்காலிக் கை, கட்டில் கால் என்று வளைவு வந்ததும் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு விரலாலேயே தேய்க்கிறோம். அங்கேதான் கெடுகிறது. விரல் நுனி படும் இடத்தில் அழுத்தம் அதிகம். இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தமே இல்லை. மரம் அலை அலையாகத் தேய்ந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் ஒரு நாற்காலிக் கையைத் தேய்த்தேன். தடவிப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி இருந்தது. எங்கள் மேற்பார்வையாளர் வார்னிஷ் போட்ட பிறகு அதை எடுத்து, குழல் விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தார். நேராக ஓட வேண்டிய வெளிச்சக் கோடு பாம்பு போல நெளிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அது பால்மரம், அதாவது ரப்பர் மரம். பால் வற்றிய மரத்தை வெட்டி விறகாக எரித்த காலம் உண்டு. அறுத்த கையோடு மருந்து ஏற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும், வண்டும் துளைக்கும். மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தப் பழகிய பிறகுதான் அது நாற்காலி ஆனது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. எல்லாரும் அதன் முன்னே நின்று படம் எடுப்பார்கள். நான் எத்தனை நாற்காலிக் கால் தேறும் என்று பார்ப்பேன். தொழில் புத்தி!

சரி, கட்டைக்கு வருவோம். புடைத்த வளைவுக்கு நான் வைத்திருப்பது பழைய ரப்பர் சிலிப்பர். அடிப்பாகத்தில் அதிகம் தேயாத நடுப்பகுதியை மூன்று விரல் அகலம், உள்ளங்கை நீளத்துக்கு வெட்டி எடுங்கள். கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ரப்பர் இழுக்காமல் அறுபடும். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் உப்புத்தாளை அதில் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் தாளின் முதுகை மேசை விளிம்பில் இரண்டு தடவை இழுத்துவிட்டால், வளையும்போது முறியாது. இந்தத் துண்டு மரத்தின் வளைவோடு வளையும். ஆனால் விரல் போல ஓரிடத்தில் குத்தாது. மரத்தின் ரேகை ஓடும் வாக்கில் நீளமாகத் தேய்க்க வேண்டும். பால்மரம் வெளிறிய மரம் என்பதால் குறுக்கே விழுந்த கீறல் சாயம் பூசியதும் கறுப்பாகக் காட்டிக்கொடுக்கும்.

குழிந்த வளைவுக்குத் தண்ணீர்க் குழாயின் வெட்டுத் துண்டு போதும். குழியைவிடக் கொஞ்சம் சின்னக் குழாயாகப் பாருங்கள், தாளின் கனமும் சேரும் அல்லவா! நீளவாக்கில் ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டு, சுற்றிய தாளின் இரண்டு முனையையும் அதற்குள் செருகிவிட்டால் பசையே வேண்டாம்.

சாமி மாடத்தின் விளிம்பு மாதிரி, ஓரிடத்தில் புடைத்து அடுத்த இடத்தில் குழியும் வேலைப்பாட்டுக்கு என்ன செய்வது? கார் பட்டறையில் நசுங்கிய இடத்தை நிரப்பப் பூசுகிறார்களே, அந்தப் பட்டிதான். விளிம்பில் நன்றாக இருக்கும் ஒரு பகுதியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருக்கமில்லாமல் படிய வையுங்கள். எலுமிச்சை அளவு பட்டிக்குப் அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் பட்டாணி அளவு போட்டு, நிறம் ஒன்றாகும்வரை குழைத்து, பிளாஸ்டிக் மேல் அப்புங்கள். அது இறுகும் முன் பிடிப்பதற்கு ஒரு மரத்துண்டை மேலே அழுத்தி வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் சில நிமிடத்திலேயே இறுக ஆரம்பித்துவிடும். குழைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரரோடு கதை பேசினால் கரண்டிதான் பட்டியோடு போகும். நெடி தலைக்கு ஏறும், அதனால் இதை வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

கெட்டியானதும் கழற்றினால் விளிம்புக்கு நேர் எதிர் உருவம் கையில் இருக்கும். அதோடு நிற்காதீர்கள். உப்புத்தாளைச் சொரசொரப்புப் பக்கம் மேலே இருக்கும்படி விளிம்பில் படிய வைத்து, அதன் மேல் இந்தக் கட்டையை நாலைந்து தடவை ஓட்டுங்கள். தாளின் கனத்துக்கு உண்டான இடம் தேய்ந்து கிடைத்துவிடும். அப்புறம் தாளைக் கட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் விட்டால் மேட்டில் மட்டும் தேயும், பள்ளத்தில் தாள் படாது.

உருண்டைக் கால்களுக்குக் கட்டையே வேண்டாம். துணி முதுகு வைத்த உப்புத்தாளை நாடாவாகக் கிழித்து, குளித்துவிட்டுத் துண்டால் முதுகு துடைப்போமே, அப்படி இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். கடைசியில் ரேகை வாக்கில் ஒரு தடவை தடவிவிடுங்கள்.

உப்புத்தாளின் முதுகில் எண் இருக்கும், எண் ஏற ஏறத் தாள் நைசாகும்; 120-இல் ஆரம்பித்து 180, அப்புறம் 240. வார்னிஷுக்கு முன் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துக் காயவிட்டால் மர இழை எழும்பி நிற்கும். பழைய 240 தாளால் அதை லேசாகத் தட்டிவிட வேண்டும். முகக்கவசம் கட்டாயம். மரத்தூசி நெஞ்சுக்கு ஆகாது. வேலை முடிந்ததும் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நான் இன்றைக்கும் பார்க்கிறேன்.

என் கட்டைகள் எல்லாம் ஒரு மைலோ டின்னில் கிடக்கின்றன. போன வாரம் அதில் ஒரு நீல நிறத் துண்டு புதிதாகச் சேர்ந்திருக்கிறது. வீட்டில் இடது கால் சிலிப்பரைக் காணோம் என்று என் மனைவி தேடிக்கொண்டிருக்கிறார். அதைப் பற்றி நான் இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை. அவரும் இப்போது வானொலி கேட்டுக்கொண்டுதான் இருப்பார். வணக்கம்.