குருதி மாதிரிக் குழாயின் மேல் எழுத வேண்டிய நேரம்

அவையோருக்கு என் வணக்கம்.

சயனைடு நஞ்சை ஆய்வகம் எப்படிக் கண்டறிகிறது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கருவியைப் பற்றியே கேட்கிறார்கள். எனக்கோ ரத்தம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்பதே முதல் கேள்வி. கல்லீரலில் உள்ள ரோடனீஸ் என்னும் நொதி சயனைடை நச்சு குறைந்த தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீருக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதால், தாமதமாக எடுத்த ரத்தத்தில் குறைவான அளவு தெரிவதைக் கொண்டு நஞ்சு ஏறவில்லை என்று சொல்லிவிட முடியாது. ரத்தத்தில் இருப்பதும் பெரும்பாலும் சிவப்பணுக்களுக்குள் ஒட்டியிருக்கிறது. ஆகவே அணுக்கள் நீங்கிய தெளிநீரான சீரத்தை மட்டும் பிரித்து அனுப்பாமல், முழு ரத்தத்தையும் இறுக மூடிய குழாயில், குளிரில் வைத்து அனுப்ப வேண்டும்.

கான்வே தட்டு என்ற பழைய கண்ணாடிக் கிண்ணத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்ட அறைகள் உண்டு. வெளியறையில் ரத்தத்தோடு அமிலம் சேர்த்து மூடினால், எழும் சயனைடு ஆவி உள்ளறையிலுள்ள காரக் கரைசலில் போய்ச் சேரும். பிறகு வினைப்பொருள்களைச் சேர்க்கும்போது அந்தத் தெளிந்த கரைசல் செந்நிறமாக மாறுவதைப் பார்க்கலாம். இன்று வாயு நிறப்பிரிகைக் கருவி இதைவிட நுட்பமாக அளக்கிறது. எந்த முறையானாலும் முடிவு வரும்வரை நோயாளி தாங்கமாட்டார். தீ விபத்தில் புகையை மூச்சிழுத்து, பெரிய தீக்காயமின்றி வந்தவரின் ரத்தத்தில், உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாதபோது சேரும் லாக்டேட் லிட்டருக்கு 10 மில்லிமோலைத் தொட்டால், சயனைடைச் சந்தேகித்து மாற்று மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். அம்மருந்தான ஹைட்ராக்சோகோபாலமின் அடர்சிவப்பாக இருப்பதால் நிறத்தை வைத்து அளக்கும் சோதனைகளைக் குழப்பிவிடும். எனவே மருந்து ஏற்றுவதற்கு முன்பே ஒரு குழாய் ரத்தம் எடுத்துவிடுங்கள்.

நாள்பட்ட நஞ்சுக்குச் சிறுநீரே சாட்சி. காங்கோவில், சரியாகப் பதப்படுத்தாததால் சயனைடு தங்கிய கசப்பு மரவள்ளியையே உண்டு வாழும் கிராமங்களில், பிள்ளைகளின் கால்கள் திடீரென விறைத்து மீளாமல் போகும் கொன்சோ நோய் இருக்கிறது. அங்கே சேகரித்த சிறுநீரிலுள்ள தயோசயனேட்டை மீண்டும் சயனைடு ஆவியாக்கி, பிக்ரேட் தாளில் படவிடுகிறார்கள். மஞ்சள் தாள் பழுப்பேறும் அளவே கணக்கு. புகைபிடிப்பவருக்கும் தயோசயனேட் கூடுதலாக இருக்கும் என்பதால், அப்பழக்கம் உண்டா என்றும் கேட்டறிய வேண்டும். மரவள்ளி மாவை நீரில் பிசைந்து, மெல்லிய படலமாகப் பரப்பி, நிழலில் 5 மணி நேரம் விட்டால் சயனைடு ஆவியாகிப் போகும். இந்த முறையை அக்கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுத்தந்த பிறகு எடுத்த சிறுநீரில், தயோசயனேட் குறைந்திருந்தது.