கப்பல் போய்வரும் வரைதான் மிதவை

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

வங்கக் கடலில் புயல் உருவாகும் நாள்களில் கடல்நீரின் வெப்பம், காற்றின் வேகம், அலையின் உயரம் என்று பல எண்கள் நம் காதில் விழுகின்றன. அவற்றுள் ஒரு பகுதி, கரை கண்ணுக்கெட்டாத ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டிருக்கும் மிதவைகள் செயற்கைக்கோள் வழியே அனுப்புபவை. சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 1996 முதல் இந்த மிதவைத் திட்டத்தை நடத்தி வருகிறது. ஒருமுறை கடலில் இறக்கிவிட்டால் மிதவை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படியன்று, கப்பல் திரும்பத் திரும்பப் போய்வரும் வரையில்தான் அதற்கு ஆயுள்.

செயற்கைக்கோளே போதாதா என்று கேட்பீர்கள். செயற்கைக்கோள் கடலின் மேற்பரப்பைத்தான் பார்க்கும். வங்கக் கடலிலோ, கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கோதாவரியும் கொண்டுவந்து சேர்க்கும் நன்னீர், உப்பு மிகுந்த கனமான நீரின்மேல் மெல்லிய அடுக்காகப் பரவி, மேல்நீரும் கீழ்நீரும் எளிதில் கலக்க விடாமல் தடுக்கிறது. அதனால் பருவமழைக்குப் பின் வரும் புயல், அடியிலுள்ள குளிர்ந்த நீரைக் கிளறி மேலே கொண்டுவர முடியாமல், சூடான நீரிலிருந்தே வலிமை பெற்றுக்கொண்டு நகர்கிறது. ஒரே இடத்தில் நின்று இதை இடைவிடாமல் அளக்க வேண்டுமானால், 500 மீட்டர் ஆழம் வரை வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் கருவிகளை, மிதவையை நங்கூரத்தோடு இணைக்கும் வடத்தில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டாக வேண்டும்.

அதைக் கட்டுவது கப்பலின் பின்தளத்தில் நடக்கும் வேலை. முதலில் மிதவையைத் தூக்கிக் கடலில் விடுவார்கள். கப்பல் மெல்ல முன்னே நகர, வடத்தைச் சுற்றிவைத்திருக்கும் உருளைப் பொறியான வின்ச் அதை விட்டுக்கொடுக்க, குறித்த ஆழத்துக்குரிய அடையாளம் வந்ததும் நிறுத்தி, ஒவ்வொரு கருவியாகப் பூட்டி, அதன் எண்ணையும் நேரத்தையும் ஒருவர் குறிப்பேட்டில் எழுதுவார். மணிக்கணக்கில் இப்படியே போகும். மிதவை கிலோமீட்டர் கணக்கில் பின்தங்கிப் புள்ளியாகிவிட்ட பிறகு, கடைசியாகத்தான் நங்கூரம் இறங்கும். நங்கூரம் நேர்கீழே விழாமல் மிதவையின் பக்கமாகப் பின்னோக்கிச் சரியும் என்பதால், குறித்த இடத்தைத் தாண்டிச் சென்றே அதை விட வேண்டும். எவ்வளவு தாண்டுவது என்பதில் கணக்கும் வேண்டும், பழகிய கண்ணும் வேண்டும்.

மீட்பது இதைவிடக் கடினம். கப்பலின் ஓரத்தில் ஒலிக்கருவியை நீருக்குள் இறக்கி, குறியீட்டு ஒலி ஒன்றை அனுப்பினால், அடியில் நங்கூரத்துக்கு மேலே காத்திருக்கும் விடுவிப்பான் பதில் ஒலி தந்து கொக்கியைத் திறக்கும். நங்கூரம் கடலடியிலேயே தங்கிவிடும். ரப்பர் படகில் இருவர் மூவர் போய் மிதவையில் கயிற்றை மாட்டித் தருவார்கள். அலை ஏற்றி இறக்கும் கப்பலில், பாரந்தூக்கியில் தொங்கி ஆடும் மிதவையை நாற்புறமும் கயிறு பிடித்து அடக்க வேண்டும். இழுபட்டு நிற்கும் வடத்தின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு முதல்நாளே சொல்லிவிடுவோம். அறுந்த வடம் வீசியடித்தால் ஆள் பிழைப்பது அரிது. கடல் கொந்தளித்தால் கேப்டன் அனுமதி தரமாட்டார், நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

தளத்துக்கு வந்த மிதவையின் அடிப்பக்கம் முழுதும் கொட்டலசு என்னும் ஒட்டிவாழும் சிறு ஓட்டுயிரும் பாசியும் அப்பியிருக்கும். அவை வெயிலில் அழுகும் நாற்றம் உணவறை வரை வரும். ஆனாலும் உடனே சுரண்டிவிட மாட்டோம். உணரியின் வாயை எது எவ்வளவு அடைத்திருந்தது என்பது பிற்பாடு அளவீட்டைத் திருத்த உதவும் என்பதால், முதலில் படம் எடுப்போம், பிறகே கழுவுவோம். வடத்தில் தூண்டில் முட்களும் அறுந்த வலைத்துண்டுகளும் சிக்கியிருப்பதும் உண்டு.

கப்பல் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பசிபிக் பெருங்கடல் காட்டியிருக்கிறது. பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதி நீர் வழக்கத்தைவிடச் சூடாவதை எல் நினோ என்பார்கள். 1982-83-இல் வந்த கடுமையான எல் நினோ, நன்கு முற்றும் வரை அறியப்படவில்லை. அந்தப் பாடத்தின் விளைவாக நிலநடுக்கோட்டை ஒட்டி ஏறத்தாழ 70 மிதவைகள் கொண்ட வரிசை 1994-இல் நிறைவு பெற்றது. அவற்றைப் பராமரித்த அமெரிக்கக் கப்பலான காய்மிமோவானா 2012-இல் பணியிலிருந்து நிறுத்தப்பட்டது. மாற்ற ஆளின்றி மிதவைகள் ஒவ்வொன்றாகப் பழுதாக, 2014-ன் தொடக்கத்தில் அந்த அமெரிக்க மிதவைகளிலிருந்து கிடைக்க வேண்டிய தரவில் சுமார் 40 விழுக்காடே வந்தது. நம் தென்மேற்குப் பருவமழையையும் தளரச் செய்யக்கூடிய ஒரு நிகழ்வைக் கண்காணிக்கும் வரிசை அது. கருவி வாங்கப் பணம் ஒதுக்குபவர்கள் கப்பலின் எரிபொருளுக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும் என்று நான் எங்கும் வலியுறுத்துவது இதனால்தான்.

கடற்கரை ஊர்களிலிருந்து வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மிதக்கும் எதன் கீழும் மீன் கூடும். மீன் கூடும் இடத்துக்குப் படகு வரும். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் மிதவையில் படகைக் கட்டினாலும், அதன் வடத்தில் வலை சிக்கி இழுத்தாலும், உணரிகள் உடைந்து அந்த இடத்தின் அளவீடு அடுத்த கப்பல் வரும் வரை நின்றுபோகும். அலை உயரத்தை முன்கூட்டிச் சொல்லும் அறிவிப்பை நம்பிக் கடலுக்குப் போகும் உங்கள் அப்பாவிடமும் சித்தப்பாவிடமும், மஞ்சள் மிதவையைக் கண்டால் சற்று விலகியே வலை வீசச் சொல்லுங்கள்.