தேக்கரண்டியில் ஐம்பதில் ஒரு பங்கு

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் கைவிரல் நகத்தை ஒருமுறை பாருங்கள். அது மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். வகுத்துப் பார்த்தால் நொடிக்குச் சுமார் ஒரு நானோமீட்டர் வருகிறது. நான் வணக்கம் சொன்னதற்கும் இப்போதைக்கும் நடுவே பத்துப் பதினைந்து நானோமீட்டர் வளர்ந்திருக்கும். நானோ என்ற சொல்லை விளம்பரங்களில் கேட்டுக் கேட்டு, அது ஏதோ பெரிய சங்கதி என்று நினைத்திருப்போம். அளவு என்று பார்த்தால் ஒரு நொடி நக வளர்ச்சிதான். நம் உடம்பில் இருக்கும் டி.என்.ஏ. இழையின் தடிமன் அதைப்போல இரண்டு மடங்கு.

கல்லூரியில் 31 வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். நானோ தொழில்நுட்பம், மூலக்கூறுகளைக் கொண்டு கணக்குப் போடுவது, இவற்றைப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: ஐயா, எங்கே தொடங்குவது? இன்று அதைத்தான் பேசப்போகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டுபிடித்தவர் எழுதியதையே நேராகப் படியுங்கள். படித்ததை நான்கு பேருக்குச் சொல்லுங்கள்.

"அதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு" என்று ஒரு பயம் எல்லாரிடமும் இருக்கிறது. இந்தத் துறை பிறந்த கதை தெரிந்தால் அந்தப் பயம் பாதி போய்விடும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில், தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் லியோனார்ட் ஏடல்மன் என்று ஒரு கணினி அறிஞர். நீங்கள் செல்போனில் பணம் அனுப்பும்போது தகவலைப் பூட்டிக் காப்பாற்றும் முறைகளில் ஆர்.எஸ்.ஏ. என்று ஒன்று உண்டு. அதில் 'ஏ' இவர்தான். கணக்கிலேயே ஊறியவர். எய்ட்ஸ் நோயைப் பற்றி ஆராய வேண்டும் என்று அவருக்கு ஆர்வம் வந்தது. அதற்கு உயிரியல் வேண்டுமே. என்ன செய்தார்? ஆய்வகத்துக்குப் போய், சோதனைக்குழாயைப் பிடிப்பதிலிருந்து கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். 1993இல் அவருக்கு வயது 47. மாணவர்கள் படிக்கிற பாடநூல் ஒன்றையும் கையில் எடுத்தார். டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் மற்றவர்களோடு சேர்ந்து எழுதிய, மரபணு பற்றிய பாடநூல் அது.

ஒரு நாள் ராத்திரி படுக்கையில் சாய்ந்தபடி அதைப் படித்துக்கொண்டிருக்கிறார். பாலிமரேஸ் என்ற நொதியைப் பற்றிய பகுதி. அந்த நொதி டி.என்.ஏ. இழையின் மேல் ஏறி, எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டே நகரும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஜோடி எழுத்தைப் போட்டுப் புது இழை ஒன்றை எழுதிக்கொண்டே போகும். இதை ஏற்கனவே எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றியது. 1936இல் ஆலன் டூரிங் என்ற கணித அறிஞர் காகிதத்தில் கற்பனை செய்த கணிப்பொறி இப்படித்தான் வேலை செய்யும்: நாடாவின் மேல் நகரும், படிக்கும், எழுதும். பக்கத்திலிருந்த மனைவியிடம், இவை கணக்குப் போடும் போலிருக்கிறதே என்று சொன்னாராம். அன்றைக்கு அவர் தூங்கவில்லை. இது யாரோ கட்டிவிட்ட கதை இல்லை, 1998இல் அவரே எழுதியது.

இங்கே ஒரு நொடி நில்லுங்கள். ஒரு துறையே பிறந்த இடம் எது? ஆரம்பப் பாடநூல் ஒன்றை, தனக்குத் தெரியாத பாடத்தை, முதல் பக்கத்திலிருந்து படித்த ஒருவரின் படுக்கை. வகுப்பில் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

சரி, அவர் என்ன செய்தார்? ஊர் சுற்றும் பாதையைப் பற்றிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார். சில ஊர்கள் இருக்கின்றன. சில ஊர்களுக்கு இடையே மட்டும் விமானம் உண்டு, அதுவும் ஒரு வழிதான். குறிப்பிட்ட ஊரில் கிளம்பி, குறிப்பிட்ட ஊரில் முடித்து, இடையில் எல்லா ஊரையும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வர முடியுமா? நான்கு ஊர் என்றால் விரல் விட்டுச் சொல்லிவிடலாம். நூறு ஊர் என்றால் பெரிய கணினியும் திணறும்.

டி.என்.ஏ.வில் ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள். ஏ போய் டியோடு ஒட்டும், ஜி போய் சியோடு ஒட்டும், வேறு எதனோடும் சேராது. சட்டையில் தைக்கும் பிரஸ் பட்டன் மாதிரி. குமிழ் குழியில்தான் உட்காரும். ஏடல்மன் ஒவ்வோர் ஊருக்கும் இந்த எழுத்துகளால் ஒரு பெயர் வைத்தார். அட்லாண்டாவிலிருந்து பாஸ்டனுக்கு விமானம் என்றால், அட்லாண்டா பெயரின் பின்பாதியையும் பாஸ்டன் பெயரின் முன்பாதியையும் சேர்த்த ஓர் இழை. பாஸ்டனிலிருந்து சிகாகோ என்றால் பாஸ்டனின் பின்பாதி, சிகாகோவின் முன்பாதி. இப்போது இந்த இரண்டு விமான இழைகளையும் ஒன்றாக்க வேண்டும். அதற்கு பாஸ்டன் பெயரின் ஜோடி இழையைப் போட்டார். கை முறிந்தால் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவார்களே, அதே வேலை. ஒரு பாதி முதல் விமானத்தைப் பிடித்துக்கொள்ளும், மறுபாதி அடுத்த விமானத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுவிலுள்ள இடைவெளியை இன்னொரு நொதி ஒட்டிவிடும். பயணம் ஒன்று தயார்.

எல்லாவற்றையும் ஒரே குழாயில் போட்டு, தண்ணீரும் உப்பும் நொதியும் சேர்த்தார். மொத்தம் எவ்வளவு தெரியுமா? தேக்கரண்டியில் ஐம்பதில் ஒரு பங்கு. அதற்குள் ஒவ்வோர் இழையிலும் கோடி கோடி பிரதிகள். அவை ஒன்றையொன்று தேடி ஒட்டி, வரக்கூடிய பயணங்களையெல்லாம் சுமார் ஒரே நொடியில் உண்டாக்கிவிட்டன. விடை அந்தத் துளிக்குள் வந்துவிட்டது. ஆனால் கோடி கோடித் தப்பு இழைகளும் அதே துளிக்குள் கிடந்தன.

அப்புறம்தான் உண்மையான வேலை. நெல்லை முறத்தில் புடைத்துக் கல்லும் பதரும் நீக்குகிற மாதிரி. சரியான ஊரில் தொடங்கிச் சரியான ஊரில் முடியும் இழைகளை மட்டும் பிரதி எடுத்து எண்ணிக்கையைப் பெருக்கினார். சரியான நீளம் உள்ளவற்றை மட்டும் பிரித்தார். பிறகு ஒவ்வோர் ஊராக, இந்த ஊர் இதில் இருக்கிறதா, அந்த ஊர் இருக்கிறதா என்று தூண்டில் போட்டுப் பிடித்தார். உண்மையில் அவர் எடுத்தது 7 ஊர், 14 விமானம். ஒரு நொடியில் வந்த விடையைப் பிரித்தெடுக்க 7 நாள் ஆனது. 1994 நவம்பரில் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்து நடந்தது. மறு வருடமே யூரிஸ் ஹார்ட்மானிஸ் என்ற இன்னோர் அறிஞர் கணக்குப் போட்டுக் காட்டினார். இதே முறையில் 200 ஊருக்குச் செய்யப் போனால், தேவைப்படும் டி.என்.ஏ. பூமியைவிட அதிக எடை வரும். ஒருவர் வெளிப்படையாக எழுதியதால்தான் இன்னொருவரால் சரிபார்க்க முடிந்தது. ஆராய்ச்சியைப் பகிர்வது என்று நான் சொல்வது இதைத்தான். பகிர்வது பெருமைக்கு இல்லை, நாலு பேர் தட்டிப் பார்க்கட்டும் என்பதற்கு.

அந்த நாளில் பகிர்வது எவ்வளவு சிரமம் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வெளிநாட்டு இதழ் ஒன்றுகூட வராது. கட்டுரை வேண்டுமென்றால் எழுதியவருக்கே அஞ்சலட்டை போடுவோம். 'தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்றை அனுப்பி உதவ வேண்டும்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்த அட்டை. புள்ளிக்கோட்டில் கட்டுரைப் பெயரை மட்டும் பேனாவால் எழுத வேண்டும். அப்படி ஒரு தடவை, முகம் தெரியாத ஓர் ஆராய்ச்சியாளருக்கு அனுப்பிவிட்டு நான் மறந்தே போனேன். ஏழெட்டு வாரம் கழித்து ஒரு பழுப்பு உறை வந்தது. ஓரம் கிழிந்து, தபால்காரர் சணல் போட்டுக் கட்டியிருந்தார். உள்ளே நான் கேட்ட கட்டுரை இருந்தது. கூடவே நான் கேட்காத இரண்டு கட்டுரைகள். அவற்றின் மேல் பென்சிலில் 1, 2, 3 என்று எண் போட்டிருந்தது. முதலில் இதைப் படி, அப்புறம் இதை என்று அர்த்தம். நான் கேட்டது மூன்றாவது. அந்தப் பென்சில் எண்கள்தான் எனக்கு இந்தத் துறைக்கு வழி காட்டின. உறையை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதனால்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் கூடிப் படிக்கிறோம். கல்லூரிப் பிள்ளைகள், ஒரு சாயப்பட்டறைக்காரர், மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒரு தங்கை. ஒருவர் படித்ததைத் தமிழில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விதி. தமிழில் சொல்ல முடியாமல் எங்கே நாக்கு தடுக்குகிறதோ, அங்கே புரியவில்லை என்று அர்த்தம்.

போன மாதம் பிரசன்ன டி சில்வாவின் வேலையைப் படித்தோம். இலங்கைக்காரர், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் பேராசிரியரானவர். 1993இல், ஏடல்மனுக்கு ஒரு வருடம் முன்பு, ஒற்றை மூலக்கூறையே, கணினிக்குள் ஆம், இல்லை என்று முடிவு சொல்லும் ஒரு வாசல் மாதிரி ஆக்கிக் காட்டியவர். வங்கி லாக்கரில் உங்கள் சாவியும் வேண்டும், வங்கிக்காரர் சாவியும் வேண்டும்; ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் திறக்காது. அவருடைய மூலக்கூறும் அப்படித்தான். நடுவில் ஒளிரும் பகுதி, அதுதான் விளக்கு. இரண்டு பக்கமும் விளக்கை ஊதி அணைக்கக் காத்திருக்கும் எலெக்ட்ரான்கள். சோடியம் அயனி வந்து ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஹைட்ரஜன் அயனி வந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் வந்தால்தான் விளக்கு நன்றாக எரியும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆய்வகத் தங்கை கையைத் தூக்கினாள். "ஐயா, நாங்கள் தினமும் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்க்கிறோமே, இதுதானா?" அவள் வைத்திருப்பது மின்முனையால் அளக்கும் இயந்திரம். டி சில்வாவின் வழியில், ஒளியால் அளக்கும் கருவிகளும் மருத்துவமனைகளுக்கு வந்திருக்கின்றன. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கு அவள்தான் எங்களுக்குச் சொன்னாள். ரத்த மாதிரி எடுத்த குழாயில் காற்றுக்குமிழி சேர்ந்தால் அளவு எப்படிப் பிசகும் என்பது வரை சொன்னாள். அது எந்தக் கட்டுரையிலும் நான் படிக்காதது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். மூலக்கூறு எந்திரங்களுக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்ததைப் பற்றித் தனியாகவே பேச நினைத்திருந்தேன், அது இன்னொரு நாளைக்கு. டி.என்.ஏ. ஓரிகாமியை, அதாவது காகிதம் மடிக்கிற மாதிரி டி.என்.ஏ.வை மடிக்கும் கலையை மட்டும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 2006இல் பால் ராதமண்ட், ஒரு வைரஸின் நீண்ட டி.என்.ஏ. இழையை 200க்கும் மேற்பட்ட குட்டி இழைகளால் மடித்து மடித்துத் தைத்து, சிரித்த முகமும் நட்சத்திரமும் செய்தார். குறுக்கே சுமார் 100 நானோமீட்டர்தான். படங்களைப் பார்த்தால் குழந்தைகள் விடமாட்டார்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பென்சில் எண்கள் இவை. ஒன்று, 1959 டிசம்பர் 29 அன்று இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் கலிபோர்னியாவில் ஆற்றிய உரை. ஒரு கலைக்களஞ்சியத்தின் 24 தொகுதிகளையும் குண்டூசித் தலையில் எழுத முடியாதா என்று கேட்டவர் அவர். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு, ஏடல்மன் 1998இல் பொதுவாசகர்களுக்காக எழுதிய கட்டுரை. மூன்று, அவருடைய 1994 மூலக்கட்டுரை, சில பக்கங்கள்தான். முதல் வாசிப்பில் பாதி புரியாது, புரியாததைக் கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். அப்புறம் ஆர்க்கைவ் என்று ஓர் இணையக் கிடங்கு, 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கியது. புதுக் கட்டுரைகள் தினமும் அங்கே காசில்லாமல் வருகின்றன. அஞ்சலட்டை போட வேண்டியதில்லை, எட்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த ஞாயிறு மூன்று மணிக்குத் திண்ணையில் ஃபைன்மன் உரையைச் சாயப்பட்டறைக்காரர் சொல்லப்போகிறார். நன்றி, வணக்கம்.