பிள்ளையை விட்டுவிட்டு மலை ஏறாத தாய் இங்கே யார்?

நடுவர் அவர்களே, என் அணியினரே, எதிரணியில் இருக்கும் தம்பி தங்கைகளே, இந்தக் கோத்தகிரிக் குளிரில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் அத்தனை பேருக்கும் பொங்கல் வணக்கம்.

பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுக் கணவனும் மனைவியும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு காட்டில் நடக்கப் போவது குடும்பத்துக்குப் பலமா, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதா? இதுதான் இன்றைய தலைப்பு. பலம்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு வயது 62. இந்த மேடையில் இருக்கும் ஆறு பேரில் பேரன் பேத்தி எடுத்தவள் நான் ஒருத்திதான்.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஒருத்தி மலை ஏறுகிறாள் என்றால், அவள் மனசு என்ன மனசு?" நீங்கள் கைதட்டினீர்கள். நான் முன்வரிசையைப் பார்த்தேன். என் வயதுப் பெண்கள் அங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் எல்லாம் யார்? தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள். காலை ஏழு மணிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு மலை ஏறியவர்கள். அது தப்பு என்றால், இந்த நீலகிரியில் தப்புச் செய்யாத தாய் எத்தனை பேர் தேறுவார்கள்?

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், நடுவர் அனுமதிக்க வேண்டும். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. 1974-இல் கப்பலேறி ராமேசுவரம் வந்தோம். மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு ஏறி வந்தோம். அப்போது எனக்கு 11 வயது. கூடை தூக்கியது 17 வயதில்.

என் கடைசி மகள் பிறந்தபோது பேறுகால விடுப்பு 12 வாரம்தான். அது 26 வாரமானது 2017-இல். பிறப்பதற்கு முன்னால் எடுத்த நாள் போக, மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போனேன். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிள்ளைக் காம்பரா என்றால் தெரியும். தகரக் கூரை, வரிசையாகத் தொங்கும் தூளிகள், ஒரு ஆயா. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருந்தாக வேண்டும் என்று 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. பத்து மணிக்கு மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் பால் கொடுக்க ஓடி வருவேன். கையெல்லாம் இலைக்கறை. கழுவினாலும் போகாது. அந்தக் கையைத்தான் என் மகள் பிடித்துக்கொண்டு பால் குடித்தாள்.

முழங்கால் தேய்ந்த பிறகு அதே காம்பராவில் நானே ஆயாவானேன். 15 வருஷம் மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளைத் தூளியில் ஆட்டினேன். அத்தனை வருஷத்தில் ஒரு தாயையும் யாரும் "உன் மனசு என்ன மனசு" என்று கேட்டதில்லை. ஏன்? அவள் கூலிக்குப் போனாள். வயிற்றுப்பாட்டுக்காகப் பிள்ளையை விட்டால் தியாகம் என்கிறோம். அதே தாய், அதே மலையை, இரண்டு நாள் சந்தோஷத்துக்காக ஏறினால் மட்டும் அவள் பொறுப்பில்லாதவளா? பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? பிள்ளைக்குத் தெரிவது ஒன்றே ஒன்று. அம்மா போனாள், அம்மா திரும்பி வந்தாள்.

சரி, சந்தோஷம் எதற்கு என்று எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி கேட்டார். "எங்கள் அப்பா அம்மா எல்லாம் இப்படிச் சுற்றப் போனார்களா, குடும்பம் நடத்தவில்லையா?" தம்பி, அந்த அப்பா அம்மாவில் நானும் ஒருத்தி. நான் சொல்கிறேன். நானும் என் வீட்டுக்காரரும் ஒரே தோட்டத்தில் 30 வருஷம் வேலை செய்தோம். நான் கொழுந்து மலையில், அவர் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில். நாங்கள் சேர்ந்து நடந்தது சம்பள வாரம் சந்தைக்குப் போகும்போது மட்டும்தான். அப்போதும் அவர் பத்தடி முன்னால் போவார். ரேஷன், கடன், பிள்ளைகள் படிப்பு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய், இதைத் தவிர நாங்கள் பேசியது எனக்கு நினைவில்லை. குடும்பம் நடத்தினோம், உண்மைதான். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் சாப்பாட்டைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியாது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு என் மகளும் அப்படியே இருக்கட்டும் என்று வாழ்த்த எனக்கு வாய் வரவில்லை.

மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். பேத்திக்கு 7 வயது, பேரனுக்கு 4. மாப்பிள்ளைக்கு இரவு ஷிப்ட், இவளுக்குப் பகல் வேலை. ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போது மற்றவர் செருப்பு மாட்டுவார். போன மாதம் எனக்குப் போன் செய்தாள். "அம்மா, நானும் அவரும் முக்குருத்தி மலைப் பக்கம் இரண்டு நாள் நடக்கப் போகலாமான்னு இருக்கோம். பிள்ளைங்களை வெச்சுக்க முடியுமா? முடியலைன்னா முடியலைன்னு சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன்."

நடுவர் அவர்களே, இந்தப் பட்டிமன்றத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தாத்தா பாட்டியைச் சம்பளமில்லாத ஆயாவாக்குகிறார்கள் என்று எதிரணி சொன்னது. சம்பளமில்லாத ஆயாவாக ஆக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எப்போது வருவோம் என்றுகூடச் சொல்லாமல் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். மாத்திரை சாப்பிட நேரமில்லாமல் பேரப்பிள்ளை பின்னால் ஓடும் என் சோட்டுப் பெண்களைத் தெரியும். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அது கேட்காமல் சுமத்துவதில் இருக்கும் தப்பு. நடக்கப் போனதில் இருக்கும் தப்பு இல்லை. என் மகள் கேட்டாள். முடியாது என்று சொல்லும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துக் கேட்டாள். என் 62 வயதில் என்னிடம் அப்படிக் கேட்டவர்கள் அதிகம் பேர் இல்லை.

வரும்போது என்னென்ன கொண்டுவந்தாள் தெரியுமா? மார்கழிக் குளிரில் நம் ஊரில் இட்லி மாவு பொங்காது என்று கோயம்புத்தூரிலேயே புளிக்கவைத்த மாவு ஒரு தூக்கு. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மருந்து, எத்தனை மில்லி என்று பெரிய எழுத்தில் எழுதிய தாள். பக்கத்து லைன் வீட்டு ஆட்டோக்காரத் தம்பியிடம் முன்கூட்டியே பேசி, நம்பரைச் சுவரில் ஒட்டினாள். பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறவள் செய்கிற வேலையா இது?

காட்டில் ஆபத்து என்றார்கள். ஆபத்து உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் நடக்கப் போன பிள்ளைகள் செத்த செய்தியைக் கேட்டு நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதனால்தான் நானும் மகளிடம் கேள்வி கேட்டேன். 2024-லிருந்து வனத்துறை 40 காட்டு நடைபாதைகளை முறைப்படுத்தி, முன்பதிவு வைத்து, உள்ளூர்ப் பிள்ளைகளையும் பழங்குடிப் பிள்ளைகளையும் வழிகாட்டியாகச் சேர்த்து அனுப்புகிறது. புல் காய்ந்து தீப்பிடிக்கும் மாதங்களில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, நமக்கெல்லாம் நினைவிருக்கும். அந்த மாதிரி மழைமாதமும் இல்லை, தீமாதமும் இல்லை, பனிமாதம் பார்த்துப் போனார்கள். இரண்டு நாளும் பகலில் நடை, இரவு ஊட்டியில் அறை. காட்டுக்குள் போனில் சிக்னல் இருக்காது, மாலை ஐந்து மணிக்குக் கூப்பிடுவேன் என்று சொன்னாள். முதல் நாள் ஐந்தே கால் ஆனது. அந்தக் கால் மணி நேரம் நான் வாசலிலேயே நின்றேன், அதையும் மறைக்கவில்லை.

இனி பிள்ளைகளின் ஏக்கம். இதுதான் எதிரணியின் பெரிய அஸ்திரம். பேரன் அழுதான். முதல் ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பித்தான். "அம்மா வேணும்." பேத்தி அவனை அதட்டினாள், அப்புறம் அவளும் அழுதாள். நான் 15 வருஷம் ஆயாவாக இருந்தவள், எனக்கே கை ஓடவில்லை. அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார். எங்கள் பிள்ளைகள் அழுதபோதெல்லாம் திண்ணைக்குப் போய் பீடி பற்றவைத்த மனுஷன் அவர். பேரனைக் கம்பளியோடு தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தார். விறகு தணலாகி இருந்தது. அவன் உள்ளங்கையை விரித்து, தன் காய்த்துப்போன விரலால் கோடு இழுத்து, "இது ரோடு, இது தோட்டம், இதோ இந்த மேடுதான் உங்க அம்மா ஏறுற மலை, நாளைக்கு இறங்கிடுவா" என்று சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் விரலை மடக்கி அந்த மலையை மூடிக்கொண்டே தூங்கிப்போனான்.

மறுநாள் காலை இரண்டு பேரையும் தோட்டத்து ஓரத்துக்குக் கூட்டிப்போய் "ரெண்டு இலை, ஒரு மொட்டு, அவ்வளவுதான் கொழுந்து, அதுக்குக் கீழே கிள்ளினா முத்தின கரட்டு இலை" என்று காட்டிக்கொடுத்தார். பெற்றவர்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் அந்தப் பிள்ளைகளிடம் பேசியிருக்க மாட்டார். எப்போதும் அப்படித்தான். மகள் வந்தால் மகள் பார்த்துக்கொள்வாள் என்று ஒதுங்கிவிடுவார். நடுவில் ஆள் இல்லாத அந்த இரண்டு நாளில்தான் தாத்தாவுக்குப் பேரனும் பேரனுக்குத் தாத்தாவும் கிடைத்தார்கள். இதை எந்த விடுமுறைக்குச் சேர்ந்து வந்தாலும் என் மகளால் கொடுத்திருக்க முடியாது.

போனவர்கள் என்ன கொண்டுவந்தார்கள்? பார்சன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து நடந்தார்களாம். ஊட்டிக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் அணை அங்கேதான் இருக்கிறது. 1990-இல் தேசியப் பூங்காவான இடம் முக்குருத்தி, 78 சதுர கிலோமீட்டர். ஒரு மடிப்பில் சோலைக்காடு, மேலேறினால் வெறும் புல்வெளி. அந்தப் புல்லும் சோலையும் மழையைப் பஞ்சு மாதிரி பிடித்துவைத்து வருஷம் முழுக்க ஓடையாக விடுகின்றன. வாட்டில் என்கிற சீகை மரமும் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரமும் ஏறிய இடங்களில் புல் ஒடுங்கிப்போனதை வழிகாட்டித் தம்பி காட்டினானாம். அப்புறம் பாறை விளிம்பில் ஏழு வரையாடுகள். நம் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 1,031, அடுத்த வருஷம் 1,303. அதில் ஏழு ஆடுகளை என் மகள் கண்ணால் பார்த்திருக்கிறாள். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது ஊரே போய்ப் பார்த்தது. பேத்தி அப்போது வயிற்றில், இவள் போகவில்லை. அடுத்த பூ 2030-இல். அதற்கு பிள்ளைகளையும் கூட்டிப்போக இப்போதே பேசிவைத்துவிட்டாள்.

வந்து இறங்கிய அன்று மாப்பிள்ளை வாசல்படியில் உட்கார்ந்து அவள் ஷூ கயிற்றை அவிழ்த்துவிட்டார். குதிகாலில் கொப்புளம். அவர் எதையோ சொல்ல, அவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. பேத்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதைப் பிள்ளை பார்ப்பது பொறுப்பில் சேராதா? பேரன் ஓடிவந்து மூடிய கையைத் திறந்து காட்டினான். உள்ளே கசங்கிய கொழுந்து, ரெண்டு இலை ஒரு மொட்டு.

நேரம் முடியும் மணி அடித்துவிட்டீர்கள், ஒன்றே ஒன்று சொல்லி உட்காருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மகள் மறுபடி வந்தாள். "இன்னைக்குப் பிள்ளைங்களை நான் பார்த்துக்கிறேன், நீயும் அப்பாவும் லாங்வுட் சோலைக்குப் போயிட்டு வாங்க" என்றாள். இதோ, இந்த மேடையிலிருந்து கூப்பிடு தூரம் மாதிரிதான் அது. 116 ஹெக்டேர் சோலை, 2024-இல் உலகச் சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலகத்துக்கே தெரிந்த இடம். இத்தனை வருஷம் அதன் ஓரமாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன். உள்ளே போனதில்லை. உள்ளே ஒரே இருட்டு, வேர்களில் பாசி, தண்ணீர் கசிகிற சத்தம். என் முதுகில் கூடை இல்லை, அது கொஞ்ச நேரம் என்னவோ போல இருந்தது. அவர் வழக்கம்போலப் பத்தடி முன்னால் போனார். ஒரு வழுக்குப் பாறைக்கிட்ட நின்றார். திரும்பிப் பார்த்தார். நான் வரும்வரைக்கும் நின்று, கையை நீட்டினார்.

தீர்ப்பு உங்களுடையது, நடுவர் அவர்களே. வணக்கம்.