இருபது தையற்கடைகள்

நேயர்களுக்கு வணக்கம். பகலில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, இரவில் தமக்கென்று ஒரு சிறு செயலியை எழுதுகிறவர்கள் வடசென்னையில் இன்று பலர் இருக்கிறார்கள்; தண்டையார்பேட்டையில் குடியிருக்கும் நானும் அவர்களில் ஒருவன். ஒற்றை ஆளாகச் செயலி எழுதுவதைப் பற்றியும், எழுதியதை நாலு பேரிடம் கொண்டுசேர்ப்பதைப் பற்றியும் பேச அழைத்திருக்கிறார்கள். இவ்விரண்டையும் வெவ்வேறு வேலைகள் என்றே நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் மாறியது ஒரு தையற்கடையில்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொடுக்கும் அக்காவின் கடைக்குள் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் புகுந்தது. தையல் இயந்திரத்தையும் துணி மூட்டைகளையும் மேலே ஏற்றிக் காப்பாற்றியவர், கீழ்த்தட்டில் இருந்த அளவு நோட்டுகளை மறந்துவிட்டார். பல வருட வாடிக்கையாளர்களின் அளவுகள் மை கரைந்து போயின. அதைப் பார்த்துவிட்டு வந்துதான், அளவுகளைக் கைபேசியில் எழுதிவைக்கும் ஒரு செயலியை எழுதத் தொடங்கினேன்.

இங்கே ஒரு வார்த்தை. வேலையில் இருக்கும் இளைஞர்கள் சொந்தச் செயலியில் கை வைக்குமுன், தம் பணி ஒப்பந்தத்தை ஒருமுறை முழுவதும் படித்துவிட வேண்டும். ஊழியர் எழுதும் நிரல் நிறுவனத்துக்கே உரியது என்று சொல்லும் விதிகள் பல ஒப்பந்தங்களில் உண்டு. அலுவலக மடிக்கணினியில் சொந்த வேலையின் ஒரு வரியைக்கூட எழுதாதிருப்பது நல்லது.

முதல் வடிவம் மூன்று வாரங்களில் முடிந்தது. அளவுகளைத் தசமப் புள்ளியுடன் தட்டச்சு செய்யும்படி அமைத்திருந்தேன். அக்கா கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, “பதினாலேகால்னு எங்கே போடறது தம்பி?” என்று கேட்டார். தையற்காரர்கள் அங்குலத்தைக் கால், அரை, முக்கால் என்றே எண்ணுகிறார்கள். கழுத்தில் அளவு நாடாவும் கையில் சாக்குக்கட்டியுமாக நிற்கும் ஒருவர், பதினான்கு புள்ளி இரண்டு ஐந்து என்று தட்டிக்கொண்டிருக்க மாட்டார். அன்றிரவே கால், அரை, முக்கால் என மூன்று பொத்தான்களை வைத்தேன். சில வரிகளே கொண்ட மாற்றம் அது. ஆனால் பின்னாளில் மற்றத் தையற்காரர்களிடம் செயலியைக் காட்டியபோதெல்லாம், அவர்கள் முதலில் விரல் வைத்து முகம் மலர்ந்தது அந்த மூன்று பொத்தான்களின் மேல்தான். எனக்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் இன்றுவரை அமையவில்லை. அது அக்காவின் கடை முக்காலியில் உட்கார்ந்திராமல் கிடைத்திருக்காது.

ரசீது அச்சிடும் பகுதி கடினமாக இருந்தது. மலிவாகக் கிடைக்கும் 58 மில்லிமீட்டர் வெப்ப அச்சுப்பொறிகள் பலவற்றுக்குத் தமிழ் தெரியாது. ‘கொக்கி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதலெழுத்து, கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் ககரமும் அதன்பின் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. கொம்பைக் ககரத்துக்கு முன்னும் காலைப் பின்னும் இடம் மாற்றி வைப்பதற்குக் கைபேசியில் தனியே ஒரு மென்பொருள் இருக்கிறது, அச்சுப்பொறியில் அது இல்லை. ஆகவே ரசீது முழுவதையும் கைபேசியிலேயே 384 புள்ளி அகலமுள்ள படமாக வரைந்து, அந்தப் படத்தை அச்சுப்பொறிக்கு அனுப்பினேன். துணி கொடுத்துவிட்டுப் போகிறவர் தம் பெயரைத் தமிழில் அச்சாகிப் பார்ப்பதற்காக நான் செலவிட்ட அந்த இரண்டு மாதங்களைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அடுத்து வெளியீடு. ப்ளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க ஒருமுறை 25 டாலர் கட்ட வேண்டும். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கப்பட்ட தனிநபர் கணக்கென்றால், செயலியைப் பொதுவில் வெளியிடுமுன் 20 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. 2024 டிசம்பரில் அந்த எண்ணிக்கையை 12 ஆகக் குறைத்தார்கள். இதைத் தாண்டுவதற்குப் பலர், என் செயலியை நீ சோதி, உன்னுடையதை நான் சோதிக்கிறேன் என்று தமக்குள் கைமாற்றிக்கொள்கிறார்கள். எண்ணிக்கை நிரம்பிவிடும், ஆனால் அந்த இருபது பேரில் ஒருவருக்கும் அந்தச் செயலி தேவைப்பட்டிருக்காது. நான் இருபது தையற்காரர்களைத் தேடிப் புறப்பட்டேன்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கம் நூல், லைனிங் துணி, கொக்கி விற்கும் கடையொன்றில் நாலு சனிக்கிழமை மாலைகள் நின்றேன். வடசென்னைத் தையற்காரர்கள் எப்படியும் அந்தப் பக்கம் வந்தாக வேண்டும். கடைக்காரரிடம் அனுமதி பெற்று, கல்லாவுக்கு அருகே கியூஆர் குறியீடு அச்சிட்ட ஒரு தாளை ஒட்டினேன். பணம் செலுத்தும்போது அதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வியாசர்பாடி, ராயபுரம், திருவொற்றியூர் என இருபது கடைகள் சேர்ந்தன. அதே மாதம் சமூக ஊடக விளம்பரத்துக்காக நான் செலவிட்ட பணத்தால் வந்தவர்களில் ஒருவர்கூட இரண்டாம் வாரம் செயலியைத் திறக்கவில்லை.

விலையையும் கல்லாவருகிலேயே கேட்டறிந்தேன். மாதச் சந்தாவை யாரும் விரும்பவில்லை. வருடத்துக்கு 600 ரூபாய் என்றதும் தலையசைத்தார்கள். அதில் 15 சதவீதம் அப்போது ப்ளே ஸ்டோருக்குப் போனது.

என் தவறொன்றையும் சொல்ல வேண்டும். 2024 தீபாவளி அக்டோபர் 31. அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு புதுப்பிப்பை வெளியிட்டேன். அளவுகளைச் சேமிக்கும் தரவுத்தளத்தின் அமைப்பு மாறும்போது, பழைய அட்டவணைகளை அழித்துவிட்டுப் புதிதாக அமைத்துக்கொள்ளும் ஒரு வசதி ஆண்ட்ராய்டில் உண்டு. சோதனைக்காக இயக்கி வைத்திருந்த அதை, வெளியிடும்போது நீக்க மறந்துவிட்டேன். திருவொற்றியூரில் ஒரு கடைக்காரரின் இருநூறு அளவுகள் போய்விட்டன. மழையில் நோட்டை இழந்தவருக்காகத் தொடங்கிய வேலை, மழையே இல்லாமல் இன்னொருவரின் நோட்டை அழித்துவிட்டது. புதுப்பிப்பை உடனே நிறுத்திவிட்டு, மூன்று இரவுகள் அவர் கடையில் உட்கார்ந்து, வாடிக்கையாளர்கள் கொடுத்து வைத்திருந்த அளவு ஜாக்கெட்டுகளை அவர் அளந்து சொல்லச் சொல்ல நான் பதிந்தேன். மீதிப் பேரைத் தொலைபேசியில் அழைத்தோம். அதன்பிறகு அளவுகளின் நகல் ஒன்று நாள்தோறும் தனிக் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. அவர் செயலியை நீக்கவில்லை. தெருவில் இன்னும் இரண்டு கடைகளுக்கு அதை எடுத்துச் சொன்னவரும் அவரே. நடந்ததையும் மறைக்காமல் சொல்லி, “பையன் வந்து நிப்பான்” என்றாராம்.

கொருக்குப்பேட்டை அக்கா இப்போதும் நோட்டு எழுதுகிறார். கைபேசி கெட்டுப்போனால் என்ன செய்வது என்பது அவர் கேள்வி. அவர் கேட்டபடியே எல்லா அளவுகளையும் அகரவரிசையில் தாளில் அச்சிட்டுத் தரும் வசதியைச் சென்ற மாதம் சேர்த்தேன். அந்தத் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இம்முறை மேல்தட்டில் வைத்திருக்கிறார். வணக்கம்.